ஸ்டீல் ஸ்க்ரூ தலையில் பழுப்புப் புள்ளி: கறையா, துருவா? துடைத்துவிட்டுப் போடலாமா?

கெடிலக்கரை:

கடலூரில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் ஸ்டெரைல் பிரிவிலிருந்து கேட்கிறேன். 3.5 மி.மீ. சின்ன எலும்பு செட் (முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்த உடம்புக்குள் வைக்கும் பிளேட், ஸ்க்ரூ இம்பிளான்ட்டுகள்), முழுக்க ஸ்டீல். சர்டிபிகேட்டில் 316எல் (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), ஏஎஸ்டிஎம் எஃப்138 (இம்பிளான்ட் ஸ்டீலுக்கான தரம்) என்று இருக்கிறது. ஒரு கேஸுக்கு ஆறேழு ஸ்க்ரூ எடுப்பார்கள். மீதி அத்தனையும் ட்ரேயிலேயே இருந்து அடுத்த கேஸுக்கு மறுபடி ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் பெட்டி) ஏறும். அதிகம் எடுக்காத அளவுகள் உடம்பையே பார்க்காமல் நூறு தடவைக்கு மேல் வெந்திருக்கும்.

இப்போது பதினைந்து ஸ்க்ரூக்களின் ஹெக்ஸ் குழிக்குள் (தலையில் ஸ்க்ரூடிரைவர் உட்காரும் அறுகோணக் குழி) பழுப்புப் புள்ளி. இரண்டு பிளேட்டில் லேசர் எழுத்தைச் சுற்றி தேன் நிறத்தில் ஒரு வளையம்.

நடைமுறை இது: ஆபரேஷன் முடிந்ததும் ட்ரே சாமான் எல்லாம் ஒரே பேசினில் சலைனில் ஊறும், சில நாள் இரண்டு மணி நேரம் வரை. பிறகு 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச் கரைசல்) 20 நிமிடம், பிரஷ், ஆர்.ஓ. தண்ணீரில் அலசல், 121 டிகிரியில் 30 நிமிடம். ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த மொத்த உப்பு) லிட்டருக்கு 180 மில்லிகிராம். நம் கடலோரத்து போர்த் தண்ணீர் எப்படி என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

கறையா துருவா என்று எப்படிப் பிரிப்பது? துடைத்தால் போகிறது என்றால் போடலாமா? ரத்தமும் சலைனும் ஏறத்தாழ ஒரே உப்புதான்; உடம்புக்குள் பத்து வருஷம் கிடக்கும் உலோகத்துக்கு பேசினில் இரண்டு மணி நேரம் என்ன பெரிய விஷயம்? கழித்த ஸ்க்ரூக்களுக்குப் பதில் கையிருப்பில் உள்ள டைட்டானியம் ஸ்க்ரூவை அதே ஸ்டீல் பிளேட்டில் போடலாமா என்று டாக்டர் கேட்கிறார். அதற்கும் பதில் வேண்டும்.

உலோகவழி:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது புரிந்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

316எல் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் 2 முதல் 5 நானோமீட்டர் கனத்தில் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். தலைமுடியின் தடிமனில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் நொடிக்குள் மறுபடி உருவாகத் தொடங்கும். குளோரைடு இந்தப் படலத்தைப் பலவீனமான இடமாகப் பார்த்து உடைக்கும். உடைந்த இடத்தில் மறுபடி படலம் கட்டுவதற்குள் குளோரைடு சேர்ந்துவிட்டால் குழி விழ ஆரம்பிக்கும்.

ரத்த பிளாஸ்மாவில் லிட்டருக்கு சுமார் 3.5 கிராம் குளோரைடு. 0.9 சதவீத சலைனில் 5.5 கிராம். கடல் தண்ணீரில் 19 கிராம். சலைன் உடம்பைவிட ஒன்றரை மடங்கு உப்பு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் உடம்புக்குள் அது காய்வதில்லை. 37 டிகிரியிலேயே நிற்கும், செறிவு ஏறாது. பேசினிலிருந்து எடுத்த ஸ்க்ரூவின் ஹெக்ஸ் குழிக்குள் நிற்கும் சொட்டு காயும். பாதியாகக் காய்ந்தால் குளோரைடு இரட்டிப்பு. நாலில் ஒன்றாகக் காய்ந்தால் கடலை மிஞ்சிவிடும். அதை அப்படியே 121 டிகிரிக்கு ஏற்றுகிறீர்கள். வெப்பம் ஏற ஏற இந்த ஸ்டீல் குளோரைடைத் தாங்கும் திறன் இறங்கும். உடம்பு பத்து வருஷத்தில் கொடுக்காத சோதனையை ஆட்டோகிளேவ் ஒரே சுற்றில் கொடுத்துவிடும்.

ஹைப்போகுளோரைட் அதைவிட மோசம். குளோரைடும் இருக்கிறது, வலுவான ஆக்சிஜனேற்றியும் இருக்கிறது. உலோகத்தின் மின்னழுத்தத்தை அது மேலே தள்ளும். குழி விழத் தொடங்கும் அழுத்தம் என்று ஒவ்வொரு உலோகத்துக்கும் ஓர் எல்லை உண்டு; ஹைப்போ ஸ்டீலை அந்த எல்லையைத் தாண்ட வைக்கும். தரை துடைக்க, சிந்திய ரத்தத்தின் மேல் ஊற்ற அது சரி. இம்பிளான்ட் ட்ரே பக்கமே வரக்கூடாது.

இன்னொன்று, ஒரே பேசினில் எல்லாவற்றையும் போடுவது. ட்ரில் பிட், ஸ்க்ரூடிரைவர் முனை, கட்டர் எல்லாம் பொதுவாக 420 வகை ஸ்டீல். கூர்மை நிற்க வேண்டும் என்பதற்காகக் கார்பன் அதிகம், குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான், மாலிப்டினம் கிடையாது. அவைதான் முதலில் துருப்பிடிக்கும். அந்தத் துரு கரைந்து வந்து பக்கத்தில் கிடக்கும் நல்ல ஸ்க்ரூவின் மேல் உட்காரும். உங்கள் புள்ளிகளில் கணிசமானவை இப்படி விருந்தாளியாக வந்தவையாக இருக்கலாம்.

பிரிப்பது எப்படி: சாதாரண பென்சில் அழிரப்பரால் புள்ளியைத் தேயுங்கள். ஹெக்ஸ் குழிக்குள் ரப்பரைக் கூராகச் சீவி விடலாம். பிறகு 10 மடங்கு லென்ஸில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கறை போய் அடியில் வழவழப்பாக இருந்தால் வெளியிலிருந்து வந்த படிவு. ஊசி குத்தியது போல் பள்ளமோ, கறுத்த சொரசொரப்போ தெரிந்தால் அது அந்த ஸ்க்ரூவின் சொந்தத் துரு. இரண்டாவது வகைக்குப் பேச்சே இல்லை, கழிக்க வேண்டும். கருவிகளுக்கு விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கறை நீக்கியை இம்பிளான்ட் மேல் போடாதீர்கள். அரிப்புக் குழியின் வாயை மட்டும் அது பளபளப்பாக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

முதல் வகையிலும் என் கருத்து கடுமையானதுதான். ஹெக்ஸ் குழியின் அடி மூலையை லென்ஸில் முழுமையாகப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. ஒரு ஸ்க்ரூவின் விலைக்கும், உள்ளே தலை முறிந்தால் அதைத் தோண்டி எடுக்கும் மறு ஆபரேஷனுக்கும் ஒப்பீடே கிடையாது.

சேதராப்பட்டு பாலிஷ்:

லேசர் எழுத்தைச் சுற்றிய வளையம் பற்றி மட்டும்.

லேசர் பட்ட இடத்தில் மேற்பரப்பு ஒரு கணம் கடுமையாகச் சூடாகிறது. குரோமியம் அங்கே ஆக்சைடாகி மேலே வந்துவிடும், அதற்கு அடியில் உள்ள அடுக்கு குரோமியத்தில் ஏழையாகிவிடும். கறுப்பு எழுத்து அழகாகத் தெரியும்; அதன் ஓரத்தில் பாதுகாப்புப் படலம் சீராக இருக்காது. அதனால் வரிசை முக்கியம்: மெஷினிங், எலக்ட்ரோ பாலிஷ், லேசர், காரம் கலந்த டிடர்ஜென்ட்டில் எண்ணெய் போகக் கழுவல், பாசிவேஷன் (அமிலத்தில் முக்கிப் பாதுகாப்புப் படலத்தைச் சீராக்குவது), டி.எம். தண்ணீர் (உப்புகள் நீக்கிய தண்ணீர்) அலசல், உலர்த்தல். பாசிவேஷனை முடித்துவிட்டுக் கடைசியில் பெயர் எழுதினால் உங்கள் பிளேட்டில் வந்த அதே வளையம் வரும்.

பாசிவேஷன் அளவுகள்: நைட்ரிக் அமிலம் கன அளவில் 20 முதல் 45 சதவீதம், அறை வெப்பநிலையில் குறைந்தது 30 நிமிடம். 49 முதல் 60 டிகிரியில் என்றால் 20 நிமிடம். நைட்ரிக்கில் லேசர் எழுத்து வெளுத்துவிடுகிறது என்பதற்காகத்தான் சிலர் வரிசையை மாற்றுகிறார்கள். அதற்கு வழி சிட்ரிக்: எடையில் 4 முதல் 10 சதவீதம், 49 முதல் 60 டிகிரியில் குறைந்தது 10 நிமிடம். எழுத்து பெரும்பாலும் நிற்கும். லேசரின் வேகத்தையும் பவரையும் சோதனைத் துண்டில் பிடித்துக்கொண்டு, பாசிவேஷனுக்குப் பிறகும் எழுத்து படிக்க வருகிறதா என்று பார்த்த பிறகே லாட்டை (ஒரே தடவையில் செய்யும் தொகுதி) ஓட்ட வேண்டும்.

எங்கே தப்பு நடக்கும் என்றால், கழுவலில். வெட்டு எண்ணெய் ஒட்டிய இடத்தில் அமிலம் தொடாது. அந்த இடம் பாசிவேட் ஆகாது. ஹெக்ஸ் குழி அப்படிப்பட்ட இடம். ப்ரோச் (குழியை வெட்டும் டூல்) குத்தும்போது டூலின் இரும்புத் துகள் சுவரில் அப்பியிருக்கும், மேலே எண்ணெய் இருக்கும். அல்ட்ராசோனிக் இல்லாமல் அந்தக் குழி சுத்தமாகாது. இன்னொன்று, அமிலத் தொட்டிக்குப் போடும் தண்ணீர். குளோரைடு உள்ள குழாய்த் தண்ணீரில் நைட்ரிக்கைக் கலந்தால் பாசிவேஷனுக்குப் பதில் பொறிப்பு நடக்கும், பரப்பு சாம்பல் நிறமாகிவிடும். கார்பன் ஸ்டீல் கூடையில் வைத்து முக்குவதும் அதே கதி.

சப்ளையரிடம் கொதி சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள்: அதே லாட்டிலிருந்து மாதிரியை எடுத்து டிஸ்டில்ட் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்க வைத்து, அதே நீரில் 3 மணி நேரம் விட்டு, வெளியே எடுத்து 2 மணி நேரம் காற்றில் வைத்துப் பார்ப்பது. கருவிகளுக்கான சோதனைதான். ஆனால் அப்பிய இரும்பு இருந்தால் இதிலேயே காட்டிக் கொடுத்துவிடும். சோதித்த மாதிரியை ஸ்டாக்கில் சேர்க்கக் கூடாது.

உப்பனாறு:

டைட்டானியம், ஸ்டீல் கலப்பு கூடாது. இரண்டு வேறு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டால் பேட்டரி. ஸ்டீல் கரைந்துகொண்டே போகும்.

எலும்புத் தச்சன்:

முடிவு சரி. காரணத்தை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும், ஏனென்றால் தவறான காரணம் வேறிடத்தில் தவறான முடிவுக்குக் கொண்டு போகும்.

டைட்டானியமும் நல்ல 316எல்லும் இரண்டுமே படலம் மூடிய உலோகங்கள். படலம் முழுசாக இருக்கும்வரை இரண்டுக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பம். இரும்பையும் செம்பையும் சேர்த்தது போல ஸ்டீல் மளமளவென்று கரையாது. பிரச்சினை உரசலில் இருக்கிறது. ஸ்க்ரூ தலை பிளேட் துளையில் உட்காரும் இடத்தில், நோயாளி கையைக் காலை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோமீட்டர் அசைவு இருக்கும். அந்த அசைவு படலத்தைச் சுரண்டுகிறது. தலைக்கும் துளைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும், மறுபடி படலம் கட்ட வழி இல்லை. கரைந்த குரோமியம் அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலம் உண்டாக்கும், அந்த அமிலத்தைச் சமன் செய்ய வெளியிலிருந்து குளோரைடு உள்ளே வரும். சுற்றி உள்ள ரத்தத்தின் பிஎச் 7.4 ஆக இருக்க, இடுக்குக்குள் அது பல மடங்கு புளித்துப் போயிருக்கும். கழற்றி எடுத்த ஸ்டீல் பிளேட்டுகளில் அரிப்பு இருந்தால் பெரும்பாலும் துளையின் சரிவிலும் ஸ்க்ரூ தலையின் அடியிலும்தான் இருக்கும். பிளேட்டின் திறந்த முதுகு கண்ணாடி போல இருக்கும்.

இந்த நிலைமையில் ஒரு பக்கம் டைட்டானியம், இன்னொரு பக்கம் ஸ்டீல் என்று வைத்தால் மூன்று கெடுதல். இரண்டின் கடினமும் வேறு, தேய்மானம் கூடும். சுரண்டப்பட்ட ஸ்டீல் பரப்புக்குப் பக்கத்தில் படலம் கலையாத டைட்டானியம் பரந்து கிடப்பதால் அரிப்பு ஓட்டத்துக்குத் தோதாகிறது. உப்பனாறு சொன்ன பேட்டரி இந்த இடத்தில்தான் உண்மையாகிறது. மூன்றாவது, வேறு கம்பெனி ஸ்க்ரூவின் தலை வளைவு இந்தத் துளையின் சரிவோடு பொருந்தாது. தலை ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும், அசைவு அதிகமாகும். இந்த மூன்றாவது காரணம் ஸ்டீலுக்கு ஸ்டீல் என்றாலும் பொருந்தும். எனவே விதி இதுதான்: ஒன்றையொன்று தொடும் பாகங்கள் ஒரே உலோகம், ஒரே கம்பெனி, ஒரே சிஸ்டம். தொடையில் ஸ்டீல் ராடு, கையில் டைட்டானியம் பிளேட் என்று ஒரே உடம்பில் இருப்பதில் தடை இல்லை, அவை தொடவில்லை.

புள்ளி விழுந்த ஸ்க்ரூ உள்ளே போனால் என்ன என்று கேட்டீர்கள். குழி என்பது ஒரு விரிசலின் விதை. ஸ்க்ரூ தலைக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட இடம் ஒவ்வொரு அடி வைப்பிலும் வளைந்து நிமிர்கிறது. எலும்பு ஒன்றுசேரத் தாமதமானால் லட்சக்கணக்கான தடவை. வழவழப்பான கழுத்து தாங்கும் சுமையைக் குழி விழுந்த கழுத்து தாங்காது. இன்னொரு பக்கம், அரிப்பில் வெளியேறும் நிக்கல், குரோமியம், இரும்புத் துகள்கள் சுற்றியுள்ள தசையைப் பழுப்பாகவும் கறுப்பாகவும் ஆக்கும், அழற்சி வரும். எஃப்138 ஸ்டீலில் நிக்கல் 13 முதல் 15 சதவீதம். படலம் நன்றாக இருந்தால் அதிலிருந்து கசிவது மிகக் குறைவு. படலம் போன இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நிக்கலுக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை இருப்பது முன்பே தெரிந்த நோயாளிக்கு முதலிலேயே டைட்டானியம் சிஸ்டத்துக்குப் போய்விடுவது நல்லது.

ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டர்) செய்யும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பிளேட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி வளைப்பது. ஒரே திசையில், துளையின் மேல் அல்லாமல் இரு துளைகளுக்கு நடுவில், அதற்கான பெண்டரால் வளைக்க வேண்டும். பல் உள்ள பிளையரால் கடித்துப் பிடித்தால் விழும் ஒவ்வொரு பல் தடமும் ஒரு இடுக்கு. மற்றது, எலும்பில் ஏற்றிப் பார்த்து நீளம் பத்தாமல் கழற்றிய ஸ்க்ரூவைக் கழுவி ட்ரேயில் திருப்பி வைப்பது. அது குப்பைக்குப் போக வேண்டியது. நோயாளி உடம்பிலிருந்து எடுத்த பிளேட்டும் அப்படியே. பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் மறுபடி யாருக்கும் போடக்கூடாது.

கெடிலக்கரை:

ரொம்ப நன்றி. லென்ஸில் பார்த்தோம். பதினைந்தில் ஒன்பது தேய்த்ததும் போய்விட்டது, ஆறில் பள்ளம் தெரிகிறது. பதினைந்தையும் கழித்துவிட்டோம். மூன்று சந்தேகம். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? இந்த ஸ்டீல் உண்மையிலேயே எஃப்138தானா என்று நாமே பார்க்க வழி உண்டா, காந்தம் வைத்துப் பார்க்கலாமா? டைட்டானியம் செட்டில் தங்க நிற ஸ்க்ரூக்கள் சில ஊதாவாக மாறியிருக்கின்றன, அதுவும் அரிப்பா?

உலோகவழி:

தண்ணீர்: டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடைத் தனியாகக் காட்டாது. உங்கள் 180-ம் சோடியம் குளோரைடாகவே இருந்தால் அதில் குளோரைடு லிட்டருக்கு 109 மில்லிகிராம். கடலோர போரில் உப்பின் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும். கருவிகளைக் கடைசியாக அலசும் தண்ணீரில் 100 மில்லிகிராமைத் தாண்டினாலே குழி அரிப்பு அபாயம் ஏறும் என்பது பொதுவான கணக்கு. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் 250 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரைகூட அனுமதி. அதனால் "குடிக்கிற தண்ணீர்தான் சார்" என்று யார் சொன்னாலும் ஸ்டெரைல் பிரிவில் அதை ஏற்காதீர்கள். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் ஒரு மிக்ஸட் பெட் டி.எம். ரெசின் சிலிண்டர் வையுங்கள். கடைசி அலசலுக்கும் ஆட்டோகிளேவ் பாய்லருக்கும் அந்தத் தண்ணீர் மட்டுமே. கடத்துத்திறன் மீட்டரில் 5 மைக்ரோ சீமென்ஸ் அல்லது அதற்குக் கீழ் நிற்க வேண்டும். அது ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ரெசின் தீர்ந்த மறுநாளே உப்பு நேராகக் கடந்து வரும், கண்ணுக்குத் தெரியாது.

நடைமுறை: சலைன் ஊறல், ஹைப்போ இரண்டையும் நிறுத்துங்கள். உபயோகிக்காத ஸ்க்ரூ உள்ள ரேக்கை, கேஸ் நடக்கும்போதே மூடி வைத்து, ரத்தமும் சலைனும் தெறிக்காமல் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ரத்தம் பட்டவற்றை டி.எம். தண்ணீரில் நனைத்த துணியால் அங்கேயே துடைத்து, ஈரம் காயாமல் கொண்டு வந்து, நடுநிலை பிஎச் என்சைம் டிடர்ஜென்ட்டில் 40 டிகிரிக்கு மிகாமல் ஊற வைத்து, அல்ட்ராசோனிக்கில் 5 முதல் 10 நிமிடம். 420 கருவிகள் ஒரு தொட்டி, இம்பிளான்ட் இன்னொரு தொட்டி. நைலான் பிரஷ் போதும்; கம்பி பிரஷும் ஸ்டீல் நாரும் இரும்பை அப்பிவிட்டுப் போகும். உலர்த்தும் சுற்றைச் சுருக்காதீர்கள். பேக் நனைந்து வெளியே வந்தால் அந்த ஈரம் அலமாரியில் மெதுவாகக் காய்ந்து, நான் முன்பு சொன்ன சொட்டின் கதையைத் திரும்ப நடத்தும்.

காந்தம்: பாதி உதவி. எஃப்138-ல் நிக்கல் அதிகம் என்பதால் குளிர்நிலையில் இழுத்துக் கடினமாக்கிய ஸ்க்ரூகூடக் காந்தத்தில் ஒட்டாது. கண்ணுக்குத் தெரிய இழுக்கிறது என்றால் அது இம்பிளான்ட் ஸ்டீல் இல்லை, சந்தேகமே வேண்டாம். ஆனால் இழுக்கவில்லை என்பதை வைத்து எஃப்138 என்று முடிவுகட்ட முடியாது. கடைவீதி 316எல்லும் ஒட்டாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வணிக 316எல்லில் குரோமியம் 16 முதல் 18, மாலிப்டினம் 2 முதல் 3, கந்தகம் 0.030 வரை. எஃப்138-ல் குரோமியம் 17 முதல் 19, மாலிப்டினம் 2.25 முதல் 3, கந்தகம் 0.010-க்கு மேல் கூடாது. கூடவே ஒரு கணக்கு: குரோமியம் சதவீதத்தோடு மாலிப்டினத்தை 3.3-ஆல் பெருக்கிக் கூட்டினால் 26-க்குக் குறையக் கூடாது. சர்டிபிகேட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். குரோமியம் 17.2, மாலிப்டினம் 2.3 என்றால் 24.8. தனித்தனியாக இரண்டும் எல்லைக்குள், ஆனால் தேறவில்லை. 17.6-ம் 2.7-ம் என்றால் 26.5, தேறும். கந்தகத்தை ஏன் இவ்வளவு பார்க்கிறார்கள் என்றால், மாங்கனீசு சல்பைடு துணுக்குகளின் ஓரத்தில்தான் குழி முதலில் பிறக்கும். கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கி குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றையும் சொல்லும். கார்பனை அதால் சொல்ல முடியாது, கந்தகத்தை நம்ப முடியாது. அவற்றுக்கு ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், ஸ்க்ரூ பலியாகும்.

ஊதா ஸ்க்ரூ: அரிப்பு இல்லை. டைட்டானியத்தின் அந்த நிறம் சாயமே அல்ல. ஆக்சைடு படலத்தின் மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் வெளிச்சம் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, படலத்தின் கனத்துக்கு ஏற்ப வரும் நிறம், சோப்புக் குமிழில் தெரிவது போல. காரமான டிடர்ஜென்ட்டும் திரும்பத் திரும்ப ஏறும் நீராவியும் கனத்தைச் சற்று மாற்றும், மேலே படியும் சிலிக்கேட்டும் நிறத்தை மாற்றிக் காட்டும். பாதுகாப்பு குறையவில்லை. ஆபத்து எங்கே என்றால், ஸ்க்ரூவின் அளவை நிறத்தை வைத்து எடுக்கும் பழக்கத்தில். நிறம் மாறிய ஸ்க்ரூவைத் தனியே எடுத்து அளவுகோலில் வைத்துப் பார்க்காமல் ரேக்கில் திருப்பி வைக்காதீர்கள்.

சேதராப்பட்டு பாலிஷ்:

கழித்த ஆறையும் வீசிவிடாதீர்கள். பள்ளம் உள்ளவற்றை லாட் எண், வாங்கிய தேதி, போட்டோவோடு ஒரு கவரில் போட்டு சப்ளையருக்கு எழுத்தில் அனுப்புங்கள், ஒன்றிரண்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதே லாட்டில் ஏற்கெனவே யார் யாருக்குப் போட்டிருக்கிறது என்று ஓ.டி. ரிஜிஸ்டரில் பார்த்து டாக்டரிடம் கொடுங்கள். சப்ளையர் மறுத்தால் முழு இம்பிளான்ட்டை எஃப்2129 முறையில் சோதிக்கக் கேளுங்கள்: 37 டிகிரி பாஸ்பேட் பஃபரில், நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜனை வெளியேற்றி, ஒரு மணி நேரம் நிற்க வைத்து, பிறகு மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றி எங்கே படலம் உடைகிறது என்று பார்ப்பது. ஹெக்ஸ் குழி, லேசர் எழுத்து எல்லாம் உள்ள பொருளையே முக்குவதால் தட்டைத் துண்டில் தெரியாத குறை இதில் தெரியும்.

எலும்புத் தச்சன்:

அந்தப் பட்டியலில் உள்ள நோயாளிகளைக் கூப்பிட்டுப் பிளேட்டைக் கழற்ற வேண்டியதில்லை. எலும்பு கூடி, வலியோ வீக்கமோ இல்லாதவருக்கு வழக்கமான தேதியில் எக்ஸ்ரே போதும். எலும்பு கூடும் முன் புதிதாக வலி, ஸ்க்ரூவைச் சுற்றி எக்ஸ்ரேயில் கறுப்பு விளிம்பு, தழும்புக்கு அடியில் நிறமாற்றம் என்று வந்தால் முதலில் கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்துவிட்டு அரிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

உறுதியான குறை என்று தெரிந்தால், 2015-ல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் (மருத்துவச் சாதனங்களால் வரும் கெடுதல்களைக் கண்காணிக்கும் திட்டம்) ஒரு அறிக்கை போடுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத்தர ஆணையம் அதை நடத்துகிறது. இம்பிளான்ட்டின் பெயர், லாட் எண், என்ன தெரிந்தது, எந்தத் தண்ணீரில் எப்படிக் கழுவினீர்கள் என்பது வரை எழுதுங்கள். சலைன், ஹைப்போ விவரத்தை மறைக்காமல் எழுதினால்தான் குறை உலோகத்திலா, கழுவலிலா என்று அவர்களால் பிரிக்க முடியும்.